ரைட்டர் மேஜையில் மாறுகிற ஒரு சொல்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் குற்றப் புள்ளிவிவரம் பற்றிச் சில வரிகள்தான் எழுதினேன். அதற்குக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கட்டுக் கட்டாகக் கடிதம் வந்துவிட்டது. ஒன்றோடொன்று தொடர்புள்ள சிலவற்றை எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் யாருடைய பெயரும் இல்லை, ஊர் மட்டும்.

"கொரோனா வருடத்தில் தமிழ்நாட்டில் குற்றம் மூன்று மடங்கு ஆனதாக ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஊரே வீட்டுக்குள் இருந்தபோது அது எப்படி?"
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மஞ்சக்குப்பம்*

எண் சரிதான் ஐயா. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2019-ல் தமிழ்நாட்டில் பதிவான வழக்குகள் சுமார் நாலரை லட்சம், 2020-ல் பதின்மூன்றே முக்கால் லட்சம். ஆனால் கூடிய வழக்குகளில் பெரும்பங்கு ஊரடங்கை மீறியதற்காகப் போட்டவை. இம்பீரியல் சாலையில் காரணம் சொல்ல முடியாமல் நின்றவர், முகக்கவசம் போடாதவர், கடையைப் பாதி ஷட்டர் திறந்து வைத்தவர் எல்லோரும் அந்த வருடம் ஒரு எண்ணாக ஆனார்கள். அரசு உத்தரவை மீறுவதற்கான, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவில் நாடு முழுவதும் 2019-ல் 29,469 வழக்குகள் இருந்தன, 2020-ல் அது 6,12,179. அதே வருடம் திருட்டு வழக்குகள் நாடு முழுவதும் நன்றாகவே குறைந்தன. கூட்டுத்தொகையை மட்டும் படம் போட்டு அனுப்பியவர் இதையெல்லாம் மறைத்திருக்கிறார், அல்லது படிக்கவே இல்லை. அடுத்த முறை அப்படி ஒரு படம் வந்தால் கொலை, கொள்ளை, திருட்டு என்று தனித்தனியாகக் கேளுங்கள். மொத்தக் கணக்கில் கொலையும் ஒன்று, முகக்கவசமும் ஒன்று.

"தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை மாலை, பைக்கில் வந்த இரண்டு பேர் என் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். 18,000 ரூபாய் போன். காவல் நிலையத்தில் 'தவறவிட்டேன்னு எழுதிக் குடும்மா, சீக்கிரம் கிடைக்கும்' என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு ரசீது தந்தார்கள். அவ்வளவுதானா?"
*ஒரு வாசகி, அரியாங்குப்பம்*

இந்தக் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், அப்புறம் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன். காரணம் சொல்கிறேன்.

நான் நிருபராக இருந்த காலத்தில் தினமும் காலையில் காவல் நிலையம் நிலையமாகப் போய், புகார்களை எழுதிப் பதிகிற ரைட்டர் மேஜை பக்கத்தில் நின்று முந்தைய நாள் என்ன நடந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்வது வேலை. ஒரு நாள், எந்த நிலையம் என்று சொல்லப் போவதில்லை, மீனவர் குப்பத்திலிருந்து ஒரு வயதான அம்மா வந்திருந்தார். கழுத்தில் சிவப்பாகக் கோடு. அறுந்துபோன தாலிக்கயிற்றில் மிச்சமிருந்த குண்டுமணிகள் இரண்டை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். யாரோ எழுதிக் கொடுத்த மனுவில் 'பறித்துச் சென்றார்கள்' என்று இருந்தது. ரைட்டர் அதைப் படித்துவிட்டு, பேனாவை எடுத்து அந்த இரண்டு சொல்லையும் கோடிட்டு, மேலே 'காணவில்லை' என்று எழுதி, கீழே கைநாட்டு வைக்கச் சொன்னார். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த மாதக் கூட்டத்தில் மாவட்டத்தில் செயின் பறிப்பு குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். அதை அப்படியே நானும் செய்தியாக எழுதினேன். இன்றுவரை அது எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

உங்களுக்குத் தந்திருப்பது சி.எஸ்.ஆர். ரசீதாக இருக்க வேண்டும். மனுவை வாங்கிக்கொண்டதற்கான அடையாளம் அது. எஃப்.ஐ.ஆர். வேறு. டெல்லிக்குப் போகிற வருடாந்திரக் கணக்கில் எண்ணப்படுவது எஃப்.ஐ.ஆர். மட்டும்தான். ஆகவே உங்கள் போன் இன்றைக்கு அரசாங்கத்தின் கணக்கில் திருடுபோகவில்லை, நீங்களாகவே தொலைத்திருக்கிறீர்கள். அந்தக் கடற்கரையில் அன்று ஒரு குற்றமும் நடக்கவில்லை. கணக்கில் அங்கே குற்றமே இல்லை என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே இரண்டு காவலர்களைக் கூடுதலாக நிறுத்த வேண்டும் என்று எந்த அதிகாரிக்கும் தோன்றாது. இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

செய்ய வேண்டியது என்னவென்றால், நடந்ததை நடந்தபடி, இடம், நேரம், வண்டியின் நிறம், பிடுங்கிய விதம் எல்லாம் போட்டு இன்னொரு மனு எழுதுங்கள். முதல் மனுவில் 'தவறவிட்டேன்' என்று எழுதியது யார் சொல்லி என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் பறிப்புக்கென்றே 304-ஆவது பிரிவு தனியாக இருக்கிறது. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. சில வகைக் குற்றங்களுக்கு டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம் என்று புதிய நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. அதற்காக மனுவை மடித்து டிராயரில் வைத்துவிடலாம் என்று அர்த்தமில்லை. மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம், இது அந்த நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போட்டதும் அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும்.

நீங்கள் இருப்பது புதுச்சேரி, நடந்தது கடலூர். "அங்கே போய்க் கொடு" என்று உங்கள் ஊர் நிலையத்தில் சொன்னாலும் அது செல்லாது. எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் வாங்கிப் பதிந்து பிறகு அனுப்ப வேண்டும், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். பாகூர் பக்கம் ஊர் புதுச்சேரியில், வயல் தமிழ்நாட்டில் என்று வாழ்கிறவர்களுக்கு இதைவிட உபயோகமான சட்ட வரி வேறு இல்லை. இதற்கிடையில் போன் பெட்டியைத் தூக்கி எறியாமல் இருந்தால் அதன் மேல் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கும். புகார் நகலோடு அதை சஞ்சார் சாத்தி தளத்தில் கொடுத்தால் போனை முடக்கிவிடலாம்.

"புதுச்சேரியில் 91 சதவீத வழக்குகளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகிறதாமே. பெருமைதானே?"
*கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை*

குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையில் கேரளம் 96.0, புதுச்சேரி 91.3, மேற்கு வங்கம் 90.6 என்று இருக்கிறது, உண்மைதான் தம்பி. வேலை செய்திருக்கிறார்கள், பாராட்டலாம். ஆனால் குற்றப்பத்திரிகை என்பது போலீஸ் நீதிமன்றத்தில் கொண்டுபோய்க் கொடுத்தது, தண்டனை ஆனது அல்ல. அப்புறம் அது, பதிவான வழக்குகளிலும் போலீஸ் விசாரித்து முடித்தவற்றில் மட்டும் 91. மேலே அந்த வாசகியின் போன் மாதிரி பதிவே ஆகாதவை அந்தச் சதவீதக் கணக்கின் மேலேயும் வராது, கீழேயும் வராது.

"வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்களால்தான் குற்றம் கூடுகிறது என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். எனக்கே சங்கடமாக இருக்கிறது. அரசாங்கக் கணக்கு ஏதாவது உண்டா?"
*வீட்டு உரிமையாளர், குடிகாடு*

கேட்டதற்கு நன்றி. பெரும்பாலானவர்கள் கேட்காமலே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

கைதானவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பிரித்துக் காட்டும் அட்டவணை குற்ற ஆவணக் காப்பகத்தின் வருடாந்திரக் குற்ற அறிக்கையில் கிடையாது. வெளிநாட்டவர் பற்றித் தனி அத்தியாயம் உண்டு, வெளிமாநிலத்தவர் பற்றி இல்லை. ஆகவே "இத்தனை சதவீதம் அவர்கள்தான்" என்று யாராவது அந்த அறிக்கையின் பெயரைச் சொல்லி எண் கொடுத்தால், அந்த எண் அங்கிருந்து வந்ததல்ல.

சிறைப் புள்ளிவிவர அறிக்கையில் மட்டும் கைதிகள் சொந்த மாநிலமா, வேறு மாநிலமா என்று வரும். இங்கேதான் கவனம் வேண்டும். அந்தக் கணக்கு டிசம்பர் 31 அன்று சிறைக்குள் இருக்கிறவர்களை எண்ணுவது. 2022 முடிவில் நாடு முழுவதும் சிறையில் இருந்தவர்கள் 5,73,220, அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நான்கில் மூன்று பேர் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். ஒரு சின்னத் திருட்டு வழக்கில் நெல்லிக்குப்பம் பையன் ஒருவனும் ஜார்க்கண்ட் பையன் ஒருவனும் ஒரே நாளில் கேப்பர் மலை சிறைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பையனுக்கு மாமா ஒருவர் வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்து ஜாமீன்தாரராக நிற்பார், பத்து நாளில் வெளியே. மற்றவனுக்கு இந்த ஊரில் வரி ரசீது வைத்திருக்கிற ஒரு உறவு கிடையாது, ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே இருப்பான். டிசம்பர் 31 அன்று எண்ணினால் யார் எண்ணிக்கையில் வருவார்?

இன்னொன்று, குற்ற விகிதம் என்பது ஒரு லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்பது. அந்த லட்சம் எங்கிருந்து வருகிறது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து மதிப்பிட்ட தொகை. அப்போது கடலூர் மாவட்டம் சுமார் 26 லட்சம், புதுச்சேரி பன்னிரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 2021-ல் எடுக்க வேண்டியதை எடுக்கவில்லை, இப்போது 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து அறிவித்திருக்கிறார்கள். உங்கள் மாடியில் தங்கியிருக்கிற பையன்களில் பாதிப் பேர் 2011-ல் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள், அதுவும் வேறு மாநிலத்தில். அவர்களில் ஒருவன் மேல் வழக்கு வந்தால் அது கடலூர்க் கணக்கில் ஏறுகிறது, அவன் தலையோ கடலூர் மக்கள்தொகையில் ஒழுங்காக ஏறவே இல்லை. அதோடு இளம் வயது ஆண்கள் எந்த ஊராக இருந்தாலும் வழக்குகளில் அதிகம் வருவார்கள். வந்திருப்பவர்களில் கிழவர்களும் குழந்தைகளும் குறைவு. நம் ஊரில் பாட்டியிலிருந்து பேரன் வரை எல்லோரையும் சேர்த்து ஒரு பக்கம் வைத்து, இருபது வயதுப் பையன்களை மட்டும் மறுபக்கம் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி, ரயில் ரயிலாக அவர்கள் ஊருக்குக் கிளம்பியதும், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்ததும் நினைவிருக்கும். அப்போது அவர்கள் நம்மைப் பார்த்துப் பயந்தார்கள். இப்போது உங்கள் தெரு அவர்களைப் பார்த்துப் பயப்படுகிறது. இரண்டு பயத்துக்கும் பின்னால் எண் இல்லை. வீடு கொடுத்திருப்பதற்காக நீங்கள் சங்கடப்பட வேண்டாம்.

"என் பேரன் பாரிஸில் இருக்கிறான். அங்கே வெளிநாட்டவர்தான் குற்றம் செய்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் தினமும் விவாதமாம். நாங்கள் மூன்று தலைமுறையாக பிரெஞ்சுக் குடியுரிமை. எங்களையும் சேர்த்தா சொல்கிறார்கள்?"
*பிரெஞ்சு ஓய்வூதியர், குருசுக்குப்பம்*

விவாதத்தில் சேர்க்கலாம், அரசாங்கக் கணக்கில் சேர்க்க முடியாது ஐயா. பிரான்சில் குடியுரிமையும் பிறந்த இடமும் கேட்டுக் கணக்கெடுப்பார்கள், இனத்தை வைத்து எண்ணுவதை அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் 2007 நவம்பரில் தடுத்துவிட்டது. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம் உங்களுடையது என்றால் உங்கள் பேரன் அங்கே பிரெஞ்சுக்காரன், வேறு கட்டமே கிடையாது. வெளிநாட்டவர் பற்றி வரும் எண்ணிலும், விசா இல்லாமல் தங்கியது போல உள்நாட்டவர் செய்யவே முடியாத குற்றங்களும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கேயும் அதே கதைதான், இந்தியாவில் வெளிநாட்டவர் மேல் பதிவான வழக்குகளில் பெரும்பங்கு பழைய வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ்தான்.

இங்கிலாந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அங்கே செய்ததை நாம் செய்யலாம் என்பதால். போலீஸ் கொடுக்கிற எண்ணை மட்டும் நம்பாமல், 1982 முதல் வீடு வீடாகப் போய் "கடந்த ஒரு வருடத்தில் உங்களுக்கு என்ன நடந்தது, போலீஸிடம் சொன்னீர்களா" என்று கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். 2014-ல் போலீஸ் பதிவுகளைத் தணிக்கை செய்தபோது மக்கள் வந்து சொன்ன குற்றங்களில் ஐந்தில் ஒன்று பதிவாகவே இல்லை என்று தெரிந்தது. அதே வருடத் தொடக்கத்தில், போலீஸ் எண்ணுக்கு இருந்த 'தேசியப் புள்ளிவிவரம்' என்ற தகுதியைப் புள்ளிவிவர ஆணையம் எடுத்துவிட்டது. கெட்ட பெயர் வரும் என்று தெரிந்தே செய்தார்கள், அதுதான் நேர்மை. குடிவரவிலும் இப்படித்தான்: 2022-க்கான நிகரக் குடிவரவை, அதாவது வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்த எண்ணை, முதலில் 6,06,000 என்றார்கள், ஆறு மாதத்தில் 7,45,000 என்று திருத்தினார்கள். நல்ல துறை வைத்திருக்கிற நாட்டிலேயே நிலைமை அது. நம் நாட்டில் அப்படி வருடா வருடம் வீட்டுக்கு வந்து கேட்கிற அரசுக் கணக்கெடுப்பு இன்னும் இல்லை. கட்டாயம் வேண்டும்.

"வெளிநாட்டவரைப் பதிவு செய்கிற வழக்கம் புதுச்சேரியில் எப்போதிலிருந்து? மாடியில் இரண்டு அறை விட்டிருக்கிறோம், அதனால் கேட்கிறேன்."
*ஒரு வாசகி, முத்தியால்பேட்டை*

உங்களுக்கு வேண்டியது முதலில்: வெளிநாட்டு விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் விவரம் ஏற்ற வேண்டும். பழைய சட்டங்களுக்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் வந்திருக்கிறது, இந்தக் கடமை மாறவில்லை.

வழக்கம் பழையது. 1911-ல் பிரெஞ்சு அரசு இங்கே வந்து தங்கிய அந்நியர்கள் பதிந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுச் சான்று தர வேண்டியிருந்தது. அந்த அந்நியர்களில் பாரதியும் அரவிந்தரும் இருந்தார்கள். பிரிட்டிஷ் போலீஸின் ஒற்றர்கள் வீட்டு வாசலில் நின்ற காலம், கையெழுத்துப் போடவே ஆட்கள் பயந்தார்கள். கலவை சங்கர செட்டியார்தான் ஓடியாடி ஐந்து பேரைச் சேர்த்துக் கொடுத்தார். 1918 நவம்பரில் பாரதி எல்லை தாண்டிக் கடலூர்ப் பக்கம் வந்ததும் கைது செய்து கடலூர் சிறையில் வைத்தார்கள். அந்த வருடத்துக் கைதிகள் கணக்கில் அவரும் ஒரு எண்.

"கடலூர் மாவட்டத்தில் மதுக்கடத்தல் வழக்கு கூடினால் கடத்தல் கூடியது என்றுதானே அர்த்தம்?"
*டீக்கடைக்காரர், ஆல்பேட்டை*

அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் கடை வாசலிலேயே சோதனைச்சாவடி, நீங்களே பார்க்கிறீர்கள். இரவு இரண்டு பேர் நின்றால் இரண்டு வண்டி பிடிபடும், எட்டுப் பேர் நின்று டிக்கியைத் திறந்தால் பத்து வண்டி பிடிபடும். திருட்டை மக்கள் வந்து சொல்கிறார்கள், கடத்தலை யாரும் வந்து சொல்வதில்லை, போலீஸ் போய்ப் பிடித்தால்தான் வழக்கு. 2022 ஜனவரி நிலவரப்படி நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 196 போலீஸ் என்று அனுமதி, வேலையில் இருந்தது 153. ஆள் குறைந்தால் இந்த வகை வழக்கும் குறையும், கடத்தல் குறைந்திருக்காது.

"என் அக்காவை வீட்டுக்காரர் அடிக்கிறார். போலீசுக்குப் போக மாட்டேன் என்கிறாள். எங்கள் ஊரில் இப்படி வழக்கே இல்லை என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள்."
*பெயர், ஊர் வேண்டாம்*

தேசியக் குடும்பநல ஆய்வில் பெண்களைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். 2019-21-ல் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரால் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம், அதிலும் அதிகம் பிறந்த வீட்டிடம். உங்கள் ஊரில் வழக்கு இல்லை என்பதை நம்புகிறேன். அடி இல்லை என்பதை நம்பவில்லை. அக்காவிடம் 181 எண்ணைச் சொல்லுங்கள், அது பெண்கள் உதவி எண், போலீஸ் நிலையப் படி ஏறாமலே பேசலாம். தனியாக விடாதீர்கள்.

"ஆன்லைனில் 48,000 ரூபாய் போய்விட்டது. 1930 உதவி எண்ணுக்குப் போன் செய்து சொன்னேன். இரண்டு மாதமாக ஒன்றுமில்லை. வழக்கு நடக்கிறதா?"
*தனியார் நிறுவன ஊழியர், திருப்பாதிரிப்புலியூர்*

அநேகமாக நீங்கள் கொடுத்தது புகாராகவே நிற்கிறது, வழக்காகவில்லை. 2022-ல் இணையக் குற்றத் தளத்துக்கு நாடு முழுவதும் வந்த புகார்கள் 10 லட்சத்து 29 ஆயிரம். அதே வருடம் ஆவணக் காப்பகத்தின் கணக்கில் இணையக் குற்ற வழக்குகள் 65,893. நடுவில் விழுந்தவை எத்தனை லட்சம் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். 2024-ல் புகார்கள் 22 லட்சத்தைத் தாண்டிவிட்டன, போன பணம் 22,845 கோடி என்று உள்துறையே நாடாளுமன்றத்தில் சொன்னது. இவ்வளவு பேருடைய சேமிப்பு, சீட்டுப் பணம், மகள் கல்யாணத்துக்கு வைத்தது.

1930-ல் சொன்னபோது உங்கள் செல்லுக்கு ஒப்புகை எண் குறுஞ்செய்தியாக வந்திருக்கும். கடிதத்தில் அது இல்லை. அதைத் தேடி எடுங்கள், பணம் போன நாளின் வங்கிக் கணக்கு அறிக்கையை வங்கிக் கிளையில் முத்திரையோடு வாங்குங்கள், இரண்டையும் இணைத்து மாவட்ட சைபர் கிரைம் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். கேட்டு மனு கொடுங்கள். பணம் எந்தக் கணக்கிலாவது முடக்கப்பட்டிருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள். முடக்கியிருந்தால் நீதிமன்றம் வழியாகத் திரும்பப் பெற வழி இருக்கிறது. என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.